தாளக்கட்டுக்கு யார் தாய்?

கூத்துக் கொப்பிகளில் தரு, அதாவது ஆட்டக்காரர் ஆடிப் பாடுகிற பாட்டு, முடிகிற இடத்திலும், சில வேளை இரண்டு அடிகளுக்கு நடுவிலும், 'தெய்ய தத்தோம் தக தெய்ய தத்தோம்' என்ற மாதிரி ஒரு சொற்கட்டு வரும். அதுதான் தாளக்கட்டு. பாடுகிறவர் நிறுத்த, மத்தளம் எடுக்க, ஆட்டக்காரர் அந்தச் சொல்லுக்கு மிதிக்கிற இடம் அது. கொப்பியை எழுதினவருக்கு அது என்ன என்பதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதி, பக்கத்தில் இரண்டு கோடு இழுத்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டார். சந்தேகமெல்லாம் அதை எக்ஸ்எம்எல் என்ற கணினி வடிவத்தில் கோப்பாக்க உட்கார்ந்த எங்களுக்குத்தான். தாளக்கட்டு பாட்டின் ஒரு வரியா, மேடைக்குறிப்பா, வெறும் ஓசையா?

முல்லைத்தீவுப் பக்கத்துக்காரருக்குக் கோவலன் கூத்தைப் பற்றியும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனைப் பற்றியும் நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒன்று: இங்கே கையில் இருக்கிற கூத்துப் பிரதிகளில் அநேகமானவை பிரதியின் பிரதி. ஏட்டில் இருந்தது கொப்பிக்கு வந்தது. கொப்பி 2008, 2009 இடம்பெயர்வில் சிலரோடு போய்ச் சிலரோடு திரும்பியது, சிலரோடு திரும்பவில்லை. தொலைத்தவர்கள் ஞாபகத்தில் இருந்ததை முகாமிலோ, மீள்குடியேறிய பிறகோ திரும்ப எழுதினார்கள். ஆகவே ஒரே தரு ஒரு கொப்பியில் நாலு அடியாகவும் இன்னொன்றில் இரண்டரை அடியாகவும் இருக்கும். முள்ளியவளையில் பின்னேரங்களில் கூடி இவற்றைத் தட்டச்சு செய்கிற சின்னக் கூட்டத்தில் நானும் ஒருவன். கணினிப் பக்கம் என் பொறுப்பு.

தட்டச்சு மட்டும் என்றால் வேர்ட் கோப்பு போதும். ஆனால் 'எல்லா வரவுப் பாட்டையும் (ஆட்டக்காரர் மேடைக்கு வரும்போது பாடுவது) காட்டு', 'இந்தத் தரு மற்றக் கொப்பியில் எப்படி இருக்கிறது' என்று கேட்க வேண்டுமென்றால் எது விருத்தம், எது தரு, யார் பாடுகிறார் என்பதைக் குறித்துவைக்க வேண்டும். எக்ஸ்எம்எல் அதற்குத்தான்: ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் குறிச்சொல் போட்டு, அது இன்னது என்று காட்டுகிற முறை. எந்தக் குறிச்சொல் எதற்குள் வரலாம், எத்தனை தடவை வரலாம் என்று சட்டம் போடுவது ஸ்கீமா. நாடகம், கவிதை, கையெழுத்துப் பிரதி என்று இலக்கிய ஆவணங்களுக்காகவே ஒரு பெரிய ஸ்கீமாக் குடும்பம் ஏற்கெனவே உண்டு: டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ், சுருக்கமாக டிஇஐ. 1987 இல் தொடங்கியது. அப்போது எக்ஸ்எம்எல் பிறக்கவேயில்லை. அதன் தாயான எஸ்ஜிஎம்எல் மட்டும் 1986 இல் ஐஎஸ்ஓ தரமாகியிருந்தது. இப்போது நடைமுறையில் இருக்கிற பி5 பதிப்பு 2007 இல் வந்தது. அதில் ஒருவர் பேசுவதற்கு 'எஸ்பி', வரிக்கு 'எல்', வரிகளின் தொகுதிக்கு 'எல்ஜி', மேடைக்குறிப்புக்கு 'ஸ்டேஜ்'. ஐரோப்பிய நாடகங்களை மனதில் வைத்துச் செய்தது. விருத்தமும் தருவும் அதில் இல்லை, தாளக்கட்டு அறவே இல்லை.

ஆகவே விரிக்க வேண்டும். அங்கேதான் சிக்கலும் சுவாரசியமும்.

லேசான பக்கத்தில் இருந்து தொடங்குகிறேன். விருத்தம் என்பது வரித்தொகுதியின் ஒரு துணைவகை. பொதுவான வரித்தொகுதியில் எத்தனை வரியும் வரலாம். விருத்தத்தில் நாலு அடி. தாய்வகை அனுமதித்ததில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொள்கிறோம். எக்ஸ்எஸ்டியில், அதாவது 2001 மே மாதம் வலைத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் ஸ்கீமா மொழியில், இதை ஒடுக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒடுக்கலின் அழகு என்னவென்றால் பிள்ளை வகையாக எழுதிய எந்த ஆவணமும் தாய்வகைக்கும் பொருந்தும். விருத்தத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு நிரல், 'வரித்தொகுதி, நாலு வரி' என்று எடுத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும்.

ஆனால் எங்கள் கொப்பிகளில் மூன்று அடி விருத்தங்கள் இருக்கின்றன. நாலாவது அடி நனைந்து போயிற்று, அல்லது திரும்ப எழுதியவருக்கு ஞாபகம் வரவில்லை. நாலு அடி என்று ஸ்கீமா அடம்பிடித்தால் தட்டச்சு செய்கிற பிள்ளை என்ன செய்யும்? எதையாவது போட்டு நிரப்பும். சட்டம் கடுமையானால் பொய் கூடும் என்பதை அரச படிவம் நிரப்பிய யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. டிஇஐ இந்த இடத்தில் கெட்டிக்காரத்தனமாக நடந்திருக்கிறது. 'இங்கே ஏதோ இருந்தது, இப்போது இல்லை' என்று குறிக்கிற 'கேப்' என்ற உறுப்பை (குறிச்சொல்லால் குறிக்கிற துண்டுக்கு உறுப்பு என்று பெயர்) எந்த இடத்திலும் வரக்கூடிய பொது வகுப்பில், அதாவது உறுப்புகளின் கூட்டத்தில், சேர்த்துவைத்திருக்கிறது. ஆகவே நாங்கள் நாலு அடி என்ற விதியைத் தளர்த்தி, 'நாலு அடி, அல்லது குறைந்த அடியும் ஒரு கேப்பும்' என்று தனியாக ஒரு ஸ்கீமட்ரான் விதியாக எழுதினோம். ஸ்கீமட்ரான் என்பது ரிக் ஜெலிஃப் உருவாக்கியது. இலக்கணம் எழுதாமல் 'இது இருந்தால் அதுவும் இருக்க வேண்டும்' என்று தனித்தனி நிபந்தனையாக எழுதலாம். மீறினால் என்ன செய்தி காட்ட வேண்டும் என்பதையும் தமிழிலேயே எழுதிவைக்கலாம். 'நாலாம் அடி எங்கே? இல்லையென்றால் கேப் போடவும்' என்று எங்கள் கணினி கேட்கும்.

தாளக்கட்டு இப்படி மடங்காது. தாய்வகையில் இருந்ததை அது குறைக்கவில்லை. இல்லாத ஒன்றைச் சேர்க்கிறது. எங்கள் மனதில் இருந்த வடிவம் இது (பாட்டு வரி நான் கட்டியது; கொப்பிச் சொந்தக்காரரைக் கேட்காமல் அவர்கள் வரியை இங்கே போட மாட்டேன்):

<பாட்டு வகை="தரு">
<வரி>மாட வீதியிலே வணிகன் நான் வந்தேனே</வரி>
<தாளக்கட்டு>தெய்ய தத்தோம் தக தெய்ய தத்தோம்</தாளக்கட்டு>
<வரி>மாநகர் முழுதும் என் மணியோசை கேட்குமே</வரி>
</பாட்டு>

இடையில் ஒரு சின்ன விசயம். குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாக எழுதலாம். 1998 பெப்ரவரியில் வந்த முதலாவது எக்ஸ்எம்எல் விதிநூலிலேயே தமிழ் எழுத்துகள் பெயரில் வரலாம் என்று பட்டியல் இருந்தது. அந்தப் பட்டியலில் ஓர் ஓட்டை, 'ஶ'. அந்த எழுத்து யூனிகோடில் பின்னால் சேர்ந்தது, பட்டியலோ அதற்கு முன்னமே மூடப்பட்டுவிட்டது. 2008 இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒவ்வொரு எழுத்தாகப் பட்டியல் போடுகிற முறையைக் கைவிட்டுப் பெரிய பெரிய வீச்சுகளாகத் திறந்துவிட்டார்கள்; 'ஶ'வும் உள்ளே வந்தது. பின்னால் வரப்போவதற்கு முன்னமே இடம் விட்டுவைப்பதா, வந்த பிறகு பார்ப்பதா என்ற இதே கேள்வி எழுத்து மட்டத்தில்கூட இருந்திருக்கிறது.

சரி, தாளக்கட்டு. எக்ஸ்எஸ்டியில் சேர்ப்பதற்கு விரித்தல் என்ற வழி உண்டு. தாய்வகையை எடுத்து, அதன் உள்ளடக்கத்துக்குப் பின்னால் புதிதாகச் சிலதைச் சேர்க்கலாம். பின்னால் என்பதைக் கவனிக்கவும். தாய்வகை 'தலைப்பு, பிறகு வரிகள்' என்றால் பிள்ளைவகை 'தலைப்பு, வரிகள், பிறகு தாளக்கட்டு' என்று மட்டும்தான் ஆகமுடியும். இரண்டு வரிகளுக்கு நடுவே செருக வழியில்லை. கூத்தில் தாளக்கட்டு எல்லாப் பாட்டும் முடிந்த பிறகு வரிசையில் வந்து நிற்கிற சாமான் இல்லை. இதற்காகவே எக்ஸ்எஸ்டி விரித்தல் எங்களுக்கு உதவாது என்று முதலாவது கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. நிரல் எழுதிப் பழகியவர்கள், புதிய புலம் ஒன்றைச் சேர்த்தால் பிள்ளைவகை கிடைக்கும், அது தாய் இருக்கும் எந்த இடத்திலும் உட்காரும் என்று எதிர்பார்ப்பார்கள். ஜாவாவில் அப்படித்தான்: தாயை மட்டும் தெரிந்த நிரல் புதிய புலத்தைத் தொடாது, அதனால் கெடாது. ஆவணத்தில் அப்படியில்லை. ஸ்கீமா என்பது செல்லுபடியாகும் ஆவணங்களின் ஒரு கணம், அதாவது கூட்டம். ஒடுக்கினால் உட்கணம் கிடைக்கும். சேர்த்தால் தாயின் கணத்துக்கு வெளியே போய்விடுவோம். எக்ஸ்எஸ்டி இரண்டையும் ஒரே மாதிரிப் பிள்ளைவகை என்று பதிந்துகொள்கிறது, இரண்டையும் தாயின் இடத்தில் உட்கார விடுகிறது, ஆவணத்துக்குள் 'நான் இந்த வகை' என்று ஒரு பண்பை (குறிச்சொல்லுக்குள்ளேயே எழுதுகிற குறிப்பு) எழுதினால் போதும் என்கிறது. ஆனால் அந்தப் பெயர் யாருக்குப் புரியும்? புதிய ஸ்கீமாவைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும். பழைய ஸ்கீமாவை மட்டும் வைத்திருக்கிற ஆளிடம் கோப்பு போனால், பெயர் தெரியாத வகை என்று தள்ளிவிடும். விரிவாக்கத்தின் பயனே முன்பின் தெரியாதவர் கையிலும் கோப்பு பிழைப்பதுதான் என்றால், இந்த வழியில் அந்தப் பயன் கிடைப்பதில்லை.

எங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. இங்கே திட்டங்கள் வரும், நிதி முடியும், சேர்வர் நிற்கும், இணையப் பெயர் காலாவதியாகும். பென் டிரைவில் போன கோப்பு மட்டும் எங்காவது ஒரு பள்ளிக்கூடத்துக் கணினியில் கிடக்கும். அதைத் திறக்கிறவரிடம் எங்கள் ஸ்கீமா இருக்காது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது வழி, தாய் ஸ்கீமாவே வெளியாருக்கு ஓர் இடத்தைத் திறந்துவைப்பது. நாம் நடந்த பாதையைக் கைபேசியில் பதிகிற ஜிபிஎக்ஸ் கோப்பு நல்ல உதாரணம். அதன் 2004 பதிப்பில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று ஒரு பெட்டி உண்டு: வேறு பெயர்வெளியைச் (ஒருவரின் குறிச்சொற்கள் மற்றவருடையதோடு மோதாமல் பிரித்துவைக்கிற அடையாளம்) சேர்ந்த எதையும் போடலாம், ஸ்கீமா கிடைத்தால் சரிபார், கிடைக்காவிட்டால் விட்டுவிடு என்பது விதி. ஜிபிஎஸ் கருவிகள் செய்கிற கார்மின் அதற்குள் இதயத்துடிப்பை வைக்கிறது. அதைத் தெரியாத வரைபடச் செயலி பாதையை மட்டும் கீறிக் காட்டும். இரண்டு பக்கமும் சண்டையில்லை. ஆனால் இந்தத் திறப்பை முதலில் ஸ்கீமா எழுதியவரே வைத்திருக்க வேண்டும். குளத்துக்கு வான் (மிகுதித் தண்ணீர் போகிற வழி) வைப்பது கட்டுக் கட்டும்போதே செய்கிற வேலை. வெள்ளம் வந்த பிறகு கட்டை வெட்டினால் அதற்குப் பெயர் வேறு.

வைக்க நினைத்தாலும் எக்ஸ்எஸ்டியின் முதற்பதிப்பு லேசில் விடவில்லை. ஒரு உறுப்பைக் கண்டவுடன், முன்னால் எட்டிப் பாராமல், அது ஸ்கீமாவின் எந்த இடத்துக்கு உரியது என்று ஒரே ஒரு பதில் இருக்க வேண்டும் என்பது அதன் கண்டிப்பான விதி. விருப்பத்துக்குரிய ஓர் உறுப்புக்குப் பின்னால் 'எதுவும் வரலாம்' என்று திறந்துவிட்டால், அந்த உறுப்பு வரும்போது அது தானா, 'எதுவும்' என்பதில் அடங்குவதா என்று இரண்டு பதில். உடனே ஸ்கீமாவே செல்லாது. இதற்காகத் தங்கள் சொந்தப் பெயர்வெளியில் இடம் விட முடியாமல், பெட்டிக்குள் பெட்டி வைத்து எத்தனையோ பேர் மல்லுக்கட்டினார்கள். 2012 ஏப்ரலில் வந்த 1.1 பதிப்பு, பெயர் சொல்லி அறிவித்த உறுப்புக்கே முதலிடம் என்று ஒரு வரியில் தீர்த்துவைத்தது. பதினோரு வருசம் எடுத்த ஒரு வரி. அதற்குள் பாதிப்பேர் வேறு வழி பார்த்துப் போய்விட்டார்கள்.

டிஇஐ ஆட்கள் இந்தக் கேள்வியைத் தொண்ணூறுகளிலேயே தொட்டிருந்தார்கள். 1994 இல் வந்த பி3 பதிப்பு டிடிடி என்ற பழைய ஸ்கீமா மொழியில் எழுதப்பட்டது; டிடிடியில் வகை, பரம்பரை என்று ஒன்றுமே கிடையாது. அவர்கள் செய்த தந்திரம், ஒவ்வொரு உறுப்பு வகுப்புக்கும் பக்கத்தில் 'எக்ஸ்' என்று தொடங்கும் ஒரு வெறும் பெயரை வைத்தது. அதன் மதிப்பு ஒன்றுமில்லை. உங்களுக்குப் புதிய உறுப்பு வேண்டுமென்றால் அந்த வெறுமையில் உங்கள் பெயரை எழுதினால் போதும், அந்த வகுப்பு வருகிற எல்லா இடத்திலும் உங்கள் உறுப்பும் வரும். இருபது இடத்தில் சட்டத்தைத் திருத்தத் தேவையில்லை. பி5 இல் அதே யோசனை நல்ல உடுப்போடு வருகிறது. 'ஒட்' என்ற ஒரே கோப்பில் ஸ்கீமா மாற்றத்தையும் விளக்கக் குறிப்பையும் சேர்த்து எழுதுகிறோம், புதிய உறுப்பு எந்த வகுப்பின் அங்கத்தவர் என்று சொல்கிறோம், அதிலிருந்து ரிலாக்ஸ் என்ஜி, எக்ஸ்எஸ்டி, டிடிடி என்று எந்த மொழி ஸ்கீமாவும் பிறப்பிக்கலாம்.

ஆகவே எங்கள் கேள்வி கடைசியில் இப்படிச் சுருங்கியது: தாளக்கட்டு எந்த வகுப்பு?

மேடைக்குறிப்பு வகுப்பில் ஏற்கெனவே 'சவுண்ட்' என்றும் 'மூவ்' என்றும் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. தாளக்கட்டு மத்தளத்துக்கு ஓசை, காலுக்கு அசைவு. வாயால் சொல்லவும் படுகிறது. எங்களில் ஒருத்தி, பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவள், மேடைக்குறிப்புதான் என்று உறுதியாக நின்றாள். மேடைக்குறிப்பு, வரி என்ற இரண்டு வகுப்பிலும் சேர்த்துவிட்டால் என்ன என்று நான் பார்த்தேன். ரிலாக்ஸ் என்ஜி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஜேம்ஸ் கிளார்க்கும் முராதா மகோத்தோவும் அமைத்த மொழி அது, ஒரே உறுப்பு இரண்டு வழியாக வந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதே ஒட் கோப்பிலிருந்து எக்ஸ்எஸ்டி எடுத்தால் மேலே சொன்ன ஒரே பதில் விதி வந்து கழுத்தைப் பிடிக்கும். ஒன்றைத்தான் தேர வேண்டும்.

அப்போது கூத்துக்கு ஏடு பார்க்கிற ஐயா ஒருவர் கொப்பி ஒன்றைத் திருப்பித்தர வந்திருந்தார். அச்சிட்டு வைத்திருந்த பக்கத்தில் தாளக்கட்டு சாய்வெழுத்தில் அடைப்புக்குள் நின்றது. மேடைக்குறிப்பு என்று குறித்தால் அச்சு நிரல் அப்படித்தான் போடும்.

"உதென்ன தம்பி, அடைப்புக்குள்ள போட்டிருக்கிறியள்?"

"மேடைக்குறிப்பு மாதிரி ஐயா. பாட்டு வேற, இது வேற எண்டு காட்ட."

"வேறயோ? அடைப்புக்குள்ள கிடக்கிறதைப் பெடியள் படிக்க மாட்டாங்கள். படிக்காட்டி அடுத்த அடியை எங்க எடுக்கிறது? ஆட்டக்காரன் நிண்டிடுவான்."

அவர் ஸ்கீமாவைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் நாங்கள் தவறவிட்டிருந்த அளவுகோலை எடுத்துத் தந்தது அவர்தான். தாளக்கட்டு இயல்பில் எதைப் போன்றது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தோம். தாளக்கட்டு என்றால் என்னவென்று தெரியாத ஒரு நிரல் அதைக் கையில் எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே அவர் கேள்வி. தாய் மேடைக்குறிப்பு என்றால் அச்சில் அடைப்புக்குள் போகும், சொல் தேடலில் விடுபடும், ஒலிவாசிப்பு நிரல் தாண்டிப்போகும். தாய் வரி என்றால் பாட்டோடு பாட்டாக அச்சாகும். வரி எண் ஒன்று கூடிப்போகும், யாப்பு ஆராய்கிற நிரல் தலையைச் சொறியும். இரண்டிலும் நட்டம் உண்டு. எந்த நட்டம் எங்களுக்குத் தாங்கும் என்பதைப் பார்த்துத் தாயைத் தீர்மானித்தோம். வரி எண் பிழைத்தால் ஆராய்ச்சியாளர் திருத்திக்கொள்வார். தாளக்கட்டு விடுபட்டால் பழகுகிற பெடியனுக்கு ஆள் இல்லை.

இந்த யோசனையைக் கடைசிவரை கொண்டுபோனவர்கள் டிட்டா ஆட்கள். ஐபிஎம்மில் பிறந்து 2005 இல் ஓயேசிஸ் என்ற தர அமைப்பின் தரமான தொழில்நுட்ப ஆவண வடிவம் அது. அங்கே ஒவ்வொரு உறுப்பும் தன் பரம்பரையை 'கிளாஸ்' என்ற பண்பில் வைத்திருக்கும். செய்முறையின் 'ஸ்டெப்' என்ற உறுப்பில், முதலில் நான் சாதாரண பட்டியல் உருப்படி, அதற்குள் செய்முறைப் படி என்று வரிசையாக எழுதியிருக்கும். படி என்றால் என்னவென்று தெரியாத நிரல் பட்டியல் உருப்படியாக எடுத்துக்கொள்ளும். இதன் வேர் எஸ்ஜிஎம்எல் காலத்து ஹைடைம் தரத்தில், 1992 இல், இருக்கிறது. அதற்குக் கொடுக்கிற விலை, பிள்ளை தாய்க்குள் அடங்க வேண்டும் என்பது: தாய் அனுமதிக்காத எதையும் பிள்ளை சேர்க்க முடியாது. எனக்கு இந்த விலை நியாயமாகவே படுகிறது. பரம்பரையைச் சொல்லிக்கொண்டு தாயின் வீட்டுக்குள் நுழைய முடியாத பிள்ளையை யார் நம்புவது?

நாங்கள் செய்தது இரண்டுக்கும் நடுவில். தட்டச்சு செய்யும்போது எங்கள் சொந்தப் பெயர்வெளியில் 'தாளக்கட்டு' என்ற உறுப்பு, டிஇஐயின் வரி வகுப்பில் அங்கத்தவராக. தட்டுகிறவருக்கு லேசு, ஸ்கீமட்ரானுக்கும் பிடிக்க லேசு. ஒட் கோப்பில் 'ஈக்விவ்' என்று ஒரு வசதி உண்டு: இந்தப் புதிய உறுப்பு மூல டிஇஐயில் எதற்குச் சமம், எந்த நிரலால் அப்படி மாற்றலாம் என்று அதில் எழுதிவைக்கலாம். அதன்படி கோப்பு எங்கள் கையை விட்டுப் போகும்போது தாளக்கட்டு வெறும் டிஇஐ ஆகிவிடும்: பாட்டின் வரித்தொகுதிக்குள் ஒரு சின்ன வரித்தொகுதி, அதன் 'டைப்' பண்பில் 'தாளக்கட்டு', உள்ளே ஒரு வரி. எங்கள் ஸ்கீமா உலகத்திலேயே இல்லாமற்போனாலும் அந்தக் கோப்பு செல்லுபடியாகும். பண்பை வாசிக்கத் தெரிந்தவர் தாளக்கட்டாக எடுக்கட்டும், தெரியாதவர் வரியாகப் படிக்கட்டும். தெரியாத குறிச்சொல்லைக் கண்டால் குறிச்சொல்லை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைக் காட்டு என்று 1995 இல் எச்டிஎம்எல் 2.0 சொன்ன அதே பண்பாடுதான். வலை இவ்வளவு காலம் உடையாமல் ஓடுவதில் அந்த விதிக்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இப்போது தலையிடி பிற்பாட்டு. ஆட்டக்காரர் அடியைப் பாடி முடிக்க முன்னமே பிற்பாட்டுக்காரர் அதன் கடைசிச் சீர்களைப் பிடித்துத் திரும்பப் பாடுவார். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு பேச்சு, ஒன்றின்மேல் ஒன்று. எக்ஸ்எம்எல் மரத்தில் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்பைப் பாதியில் வெட்டிக்கொண்டு போக முடியாது. எந்த வகுப்பில் சேர்த்தாலும் இது தீராது. நாடகம் படித்தவள் பிற்பாட்டை எழுதவே வேண்டாம், 'பிற்பாட்டு உண்டு' என்று ஒரு பண்பு போதும் என்கிறாள். எனக்கு இரண்டு முனையிலும் வெறும் அடையாளப் புள்ளி வைத்து இணைக்க விருப்பம். மட்டக்களப்பில் வடமோடி என்ற கூத்து வகையின் பிரதிகளைத் தட்டச்சு செய்கிற ஒரு குழு உண்டு, அவர்களிடம் கேட்டிருக்கிறோம். அவர்களும் தாளக்கட்டுக்கு ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்களாம், மேடைக்குறிப்பில்.